ஸ்லைடு-இன் கேம்பர் ஏற்றிய பிக்கப்: பின் சஸ்பென்ஷனில் எதை முதலில் மாற்றுவது?

வெண்முகில்:
வணக்கம் நண்பர்களே. ஒரு டன் வகை பிக்கப் (அது வகைப் பெயர்தான், தாங்குறது அதைவிட அதிகம்), பின்னால ஒற்றைச் சக்கரம், லீஃப் பட்டை. மெயின் செட்டுக்குக் கீழே கம்பெனியே வச்ச தடிமனான ஓவர்லோடு பட்டை ஒண்ணு இருக்கு, சுமை ஏறி வண்டி தாழ்ந்தா மட்டும் அது தொட்டு வேலை செய்யும். வீல்பேஸ் 405 செ.மீ.

எடை மேடை கணக்கு இது. கேம்பர் (பிக்கப் தொட்டிக்குள்ள ஏத்தி வைக்கிற தங்கும் அறை) இல்லாம, டேங்க் நிறைய டீசல், ஓட்டுநர் மட்டும்: முன் ஆக்சில் 2,000 கிலோ, பின் ஆக்சில் 1,300. கேம்பரை ஏத்தி, தண்ணி, கேஸ், சாமான் எல்லாம் வச்ச பிறகு: முன் 2,040, பின் 2,960. மொத்தம் சரியா 5,000. கதவு ஸ்டிக்கர்ல மொத்த அனுமதி எடை 5,170, பின் ஆக்சிலுக்கு 3,180. டயரோட சுமைக் குறியீடு 125.

பிரச்சினை மூணு. பின்பக்கம் 9 செ.மீ. இறங்குது. வளைவுலயும், ரோட்டுல இருந்து சரிவா ஒரு வாசலுக்குள்ள ஏறும்போதும் மெதுவா ஒரு பக்கம் சாஞ்சு, திரும்ப நேரம் எடுக்குது. கான்கிரீட் சாலை இணைப்புகள்ல முன்னும் பின்னுமா தலையாட்டிக்கிட்டே போகுது. கேட்ட இடத்துல எல்லாம் "ஏர் பேக் போடுங்க, சரியாயிடும்"னு ஒரே பதில்தான், அதாவது ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவுல வைக்கிற காத்தடைச்ச ரப்பர் பை. அது போதுமா? வருஷத்துல பாதி நாள் கேம்பர் மேலே இருக்கும், மீதி நாள் வண்டி காலியா ஓடும்.

அச்சுச்சுமை:
எடை போட்டுவிட்டுக் கேட்டதற்கு நன்றி. கேம்பர் ஸ்டிக்கரில் உள்ள வெற்று எடையை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பிரிங் வாங்குவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு. தண்ணீர், பேட்டரி, கேஸ் சிலிண்டர், வெயில்மறைப்பு, சமையல் சாமான் சேர்ந்தால் அந்த எண் பல நூறு கிலோ ஏறிவிடும்.

உங்கள் எண்களில் கேம்பரின் எடை 1,700 கிலோ. அதில் 40 கிலோ முன் ஆக்சிலுக்குப் போயிருக்கிறது. 40 × 405 ÷ 1,700 = 9.5. அதாவது கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் ஆக்சிலுக்கு 9.5 செ.மீ. முன்னால் விழுகிறது. நல்ல இடம். இது ஆக்சிலுக்குப் பின்னால் போயிருந்தால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் மிதக்கும். எந்த ஸ்பிரிங்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. பின் பம்பருக்கு அப்பால் எதையும் தொங்கவிடாதீர்கள். ஆக்சிலிலிருந்து 120 செ.மீ. பின்னால் 100 கிலோ மாட்டினால் முன் ஆக்சில் 30 கிலோ இழக்கும், பின் ஆக்சில் 130 கிலோ சுமக்கும்.

எதை மாற்றினாலும் கதவு ஸ்டிக்கரில் உள்ள எண் மாறாது. பிரேக், ஆக்சில் பேரிங், ரிம், சேஸி எல்லாம் பழையபடியேதான். மொத்த எடையில் உங்களுக்கு 170 கிலோ மிச்சம், பின் ஆக்சிலில் 220. அதற்குள்தான் நிற்க வேண்டும்.

அடுத்தது, நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு குறைகள். தாழ்வது ஸ்பிரிங் விஷயம். சாய்வது, சாய்வு விறைப்பும் டயரும் கேம்பரை வண்டியோடு பிணைக்கும் கட்டும் சேர்ந்த விஷயம். தலையாட்டம் பெரும்பாலும் ஷாக் (ஷாக் அப்சார்பர்) விஷயம். ஒரே பொருளை வாங்கி மூன்றையும் தீர்க்க நினைத்தால் பணம் இரண்டு முறை செலவாகும்.

ஏர்லைன்:
ஏர் பேக்கை ஒரேயடியா ஒதுக்கிட வேண்டாம். பாதி நாள் காலியா ஓடுற வண்டிக்கு அதுதான் வசதி. ஏர் லிஃப்ட் லோட்லிஃப்டர் 5000, ஃபயர்ஸ்டோன் ரைட்-ரைட் இரண்டுமே போல்ட் போட்டு மாட்டுற செட்தான். பெரும்பாலான மாடல்களுக்கு வெல்டிங், துளை எதுவும் தேவைப்படாது. காலியா ஓடும்போது காத்தைக் குறைச்சா பட்டையோட இயல்பான சவாரி திரும்பிடும். கேம்பர் ஏறினா ஏத்திக்கலாம். பட்டை கூட்டினா அந்த வசதி கிடையாது.

பட்டைக்காரர்:
வசதி சரிதான். ஆனா இந்த வண்டில கீழே ஓவர்லோடு பட்டை இருக்குன்னு எழுதியிருக்கார், அதைக் கவனிக்கணும். காத்தடிச்சு வண்டியைத் தூக்கினா அந்தப் பட்டை தொடாமலே போயிடும். காசு குடுத்து வாங்கின கனமான இரும்பு அந்தரத்துல தொங்கும், சுமையை ரப்பர் பை தாங்கும். லெவல் அழகா இருக்கும், ஆட்டம் முன்னைவிடக் கூடும்.

வெண்முகில், ரெண்டு அளவு வேணும். கேம்பரை அதோட ஜாக்குல இருந்து மெதுவா இறக்கும்போது, ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவுல எத்தனை செ.மீ. குறைஞ்சதும் ஓவர்லோடு தொடுது? மெயின் செட்டோட விறைப்பு, அதாவது ஒரு செ.மீ. அமுங்க எத்தனை கிலோ வேணும்? ரெண்டாவதை பட்டை எண்ணை வச்சுப் பட்டறையிலே சொல்லிடுவாங்க.

வெண்முகில்:
அளந்தாச்சு. 7 செ.மீ. இறங்கினதும் ஓவர்லோடு தொடுது, அதுக்கு மேல 2 செ.மீ. இறங்கி நிக்குது. மெயின் செட் பக்கத்துக்கு 75 கிலோ/செ.மீ.ன்னு சொன்னாங்க.

அச்சுச்சுமை:
கேம்பரால் பின் ஆக்சிலில் கூடியது 1,660 கிலோ, பக்கத்துக்கு 830. முதல் 7 செ.மீ.க்கு மெயின் செட் மட்டும்: 7 × 75 = 525. மீதி 305 கிலோவை 2 செ.மீ. தாங்கியிருக்கிறது. ஆக, ஓவர்லோடும் சேர்ந்தபின் விறைப்பு ஏறக்குறைய 152 கிலோ/செ.மீ. தொட்டவுடன் விறைப்பு இரட்டிப்பாகிறது.

வண்டி சாயும்போது என்ன ஆகிறது? ஒரு பக்கம் அமுங்கும், மறு பக்கம் எழும். எழும் பக்கம் 2 செ.மீ. எழுந்ததுமே ஓவர்லோடு விட்டுவிடுகிறது. அந்தப் பக்கத்தின் விறைப்பு 152-லிருந்து 75-க்கு விழுகிறது. கேம்பரின் உயரமான பாரம் அந்த நொடியில்தான் மேலும் சாய்கிறது. நீங்கள் உணரும் அந்த மெதுவான சாய்வின் பெரும்பங்கு இதுதான் என்பது என் கணிப்பு.

இப்போது இரண்டு வழிகளையும் வைத்துப் பாருங்கள்.

முதல் வழி, டார்க்லிஃப்ட் ஸ்டேபிள்லோடு போன்ற துண்டு. மெயின் செட்டுக்கும் ஓவர்லோடு பட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அது நிரப்புகிறது. ஓவர்லோடு 4 செ.மீ. முன்னதாகவே, அதாவது 3 செ.மீ. இறங்கியதும் தொடுவதாக வைப்போம். 3 × 75 = 225. மீதி 605 ÷ 152 = கிட்டத்தட்ட 4. மொத்தம் 7 செ.மீ. தாழ்வு. உயரத்தில் லாபம் 2 செ.மீ. மட்டுமே. ஆனால் ஓவர்லோடு இப்போது 4 செ.மீ. ஆழமாகப் பிடித்திருக்கிறது, எழும் பக்கமும் 4 செ.மீ. வரை விறைப்பை இழக்காது. சாய்வில் லாபம் பெரியது.

இரண்டாவது வழி, ஏர் பேக் மட்டும். தாழ்வை 5 செ.மீ. ஆக்குவோம். மெயின் செட் தாங்குவது 375 கிலோ. பக்கத்துக்கு 455 கிலோ பையின் மேல். 100 பிஎஸ்ஐ-யில் ஒரு ஜோடி 5,000 பவுண்டு தாங்கும் அளவுள்ள பைக்கு இது சுமார் 40 பிஎஸ்ஐ. ஓவர்லோடு தொட இன்னும் 2 செ.மீ. பாக்கி, அது வேலையே செய்யாது. பைகள் இருக்கும் இடமும் முக்கியம். பட்டைகள் 110 செ.மீ. இடைவெளியில் இருந்து, பைகள் சேஸிச் சட்டத்தை ஒட்டி 80 செ.மீ. இடைவெளியில் இருந்தால், ஒரே விறைப்புள்ள ஸ்பிரிங்கும் சாய்வைத் தடுப்பதில் பாதிதான் பயன் தரும். சாய்வு விறைப்பு இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது: (80 ÷ 110)² = 0.53.

ஏர்லைன்:
கணக்கை ஏத்துக்கிறேன். அப்படின்னா சரியான சேர்க்கை இது: முதல்ல துண்டு போட்டு ஓவர்லோடைப் பிடிக்க வைங்க. அதுக்கப்புறம் தாழ்வு மிச்சம் இருந்தா, இல்லை இடம் வலம் உயர வித்தியாசம் இருந்தா, அதுக்கு மட்டும் பையில் 10 – 20 பிஎஸ்ஐ. நிறைய கேம்பர்ல ஃப்ரிட்ஜ், அடுப்பு, தண்ணித் தொட்டி ஒரே பக்கம் குவிஞ்சிருக்கும், நாலு சக்கரத்தையும் தனித்தனியா எடை போட்டா தெரியும். அந்தச் சின்ன வித்தியாசத்தைச் சரிபண்ண ஏர் பேக் மாதிரி வேற எதுவும் கிடையாது.

மாட்டும்போது கெட்டுப்போற இடங்களையும் சொல்லிடுறேன். ரெண்டு பைக்கும் தனித்தனி குழாய், தனித்தனி வால்வு வைங்க. டி-இணைப்பு போட்டு ஒண்ணா சேர்த்தா, சாயும்போது அமுங்குற பையில் இருக்கிற காத்து எதிர்ப்பக்கம் ஓடி அந்தப் பக்கத்தைத் தூக்கும், சாய்வு கூடும். குழாயைக் கட்டிங் பிளேயரால நசுக்கி வெட்டாம, கூர்மையான பிளேடால நேர்க்கோணத்துல வெட்டணும். கசிவுகள்ல நிறைய அந்த வெட்டுலதான் ஆரம்பிக்கும். இணைப்புக்கு உள்ளே குழாய் முழுசா போச்சான்னு இழுத்துப் பாருங்க. சோப்புத் தண்ணி தடவுங்க, ஒரு நாள் கழிச்சு அழுத்தத்தைத் திரும்பப் பாருங்க. கேஜை மாட்டும்போதே கொஞ்சம் காத்து போகும், அதைக் கசிவுன்னு நினைக்க வேண்டாம்.

பையைச் சுத்தி முழுக்க இடைவெளி வேணும், காத்தடிச்சா அது அகலத்திலும் ஊதும். சைலன்சர் குழாய் பக்கத்துல போனா வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம். வண்டி காலியா இருந்தாலும் கிட்ல சொன்ன குறைந்தபட்ச அழுத்தத்தை விட்டுடாதீங்க, பொதுவா 5 பிஎஸ்ஐ. காத்தே இல்லாம ஓட்டினா பை மடிஞ்சு உரசிக் கிழியும். டயர் மாத்த சேஸியைத் தூக்கினா ஆக்சில் தொங்கி பை அளவுக்கு மீறி இழுபடும், அதனால ஜாக்கை ஆக்சிலுக்கு அடியில வைங்க.

மலைமகள்:
இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும், இரண்டும் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை.

ஒன்று, சில பிக்கப்களில் பின் பிரேக்குக்கு லோடு சென்சிங் வால்வு உண்டு. சேஸியில் வால்வு, ஆக்சிலுக்கு ஒரு நீள்கம்பி. பின்பக்கம் தாழ்ந்தால் "சுமை இருக்கிறது" என்று கருதி அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். ஏர் பேக்கோ புதிய பட்டையோ போட்டு உயரத்தை முழுக்க மீட்டுவிட்டால் வால்வுக்கு வண்டி காலியாகத் தெரியும். 5 டன் வண்டி குறைந்த பின் பிரேக்கோடு ஓடும். ஆக்சிலுக்கு மேலே அப்படி ஒரு கம்பி இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். இருந்தால் சேவை நூலில் உள்ள அளவுப்படி கம்பியைத் திருத்தி அமைக்காமல் சாலையில் இறக்கக் கூடாது. உயர மாற்றத்துக்குப் பிறகு பிரேக் ஹோஸ் முழுத் தொங்கலில் இழுபடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டு, சேஸி. லீஃப் பட்டை சுமையை முன்னும் பின்னுமாக இரண்டு ஹேங்கர்களில் பிரித்துச் சேஸிக்குக் கொடுக்கிறது. ஏர் பேக் அதே சுமையை ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் கொடுக்கிறது. பின்னால் நீண்டு தொங்கும் பாரமும், அதிக அழுத்தமும், கரடுமுரடான பாதையும் சேர்ந்தால் அந்தப் புள்ளிக்கு அருகே சட்டம் வளையும், விரிசலும் விடும். டிரெய்லரும் இழுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஏர்லைன் சொன்ன 10 – 20 பிஎஸ்ஐ வரம்பு எனக்குச் சம்மதம். 80, 90 வரை அடித்துத்தான் லெவல் வருகிறது என்றால், அங்கே தேவை வேறு பட்டை செட், அல்லது வேறு வண்டி.

நெடுவழி:
எல்லாரும் பட்டைக்குப் போயிட்டீங்க. அதுக்கு முன்னாடி காசில்லாம பார்க்க வேண்டியது ரெண்டு இருக்கு.

முதல்ல கட்டு. கேம்பரை வண்டியோட பிணைக்கிற டர்ன்பக்கிள் நாலும் தளர்ந்திருந்தா கேம்பர் தொட்டிக்குள்ள தனியா அசையும். ஓட்டுறவருக்கு அது சஸ்பென்ஷன் ஆட்டம் மாதிரியே தோணும். வண்டியை நிறுத்திட்டு ஒருத்தர் கேம்பரோட மேல் மூலையைப் பிடிச்சு ஆட்டட்டும், இன்னொருத்தர் தொட்டி விளிம்புக்கும் கேம்பர் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் கவனிக்கட்டும். இடைவெளி மாறினா குறை கட்டுல இருக்கு. மாறாம மொத்த வண்டியும் சேர்ந்து அசைஞ்சா டயரும் ஸ்பிரிங்கும். கேம்பருக்கு அடியில தடிமனான ரப்பர் விரிப்பு இல்லைன்னா போடுங்க, வழுக்குறது நிக்கும். ஏத்தின பிறகு முதல் 50 கி.மீ.க்குள்ள ஒரு தடவை கட்டை இறுக்கிப் பார்க்கணும், புதுசா ஏத்தின கேம்பர் கொஞ்சம் அமர்ந்து கட்டு தளரும்.

ரெண்டாவது டயர். குறியீடு 125ன்னா ஒரு டயருக்கு 1,650 கிலோ, ஜோடிக்கு 3,300. உங்க சுமை 2,960, கிட்டத்தட்ட 90 சதவீதம். சுமை வகை 'ஈ' டயர்ல அந்த 1,650 கிலோ 80 பிஎஸ்ஐ குளிர் அழுத்தத்துல மட்டும்தான் கிடைக்கும். 65ல ஓட்டினா அனுமதியைத் தாண்டியாச்சு, பக்கச்சுவரும் நெளியும், ஆட்டத்துக்கு அதுவே காரணமாகலாம். பின்னால 80, முன்னால முன் ஆக்சில் எடைக்கு அட்டவணைப்படி. ஓடிச் சூடான டயர்ல அழுத்தம் ஏறியிருக்கேன்னு காத்தை இறக்காதீங்க. ரிம்முக்கும் தனி சுமை எல்லை உண்டு, உட்புறம் பொறிச்சிருக்கும். டயர் 1,650 தாங்கி ரிம் 1,500தான்னா கணக்கு 1,500தான்.

19.5 அங்குல ரிம் பத்தி யாராவது கேட்பாங்க, அதனால இப்பவே. 225/70 ஆர் 19.5, சுமை வகை 'ஜி', குறியீடு 128: ஒரு டயருக்கு 1,800 கிலோ, அழுத்தம் 110 பிஎஸ்ஐ. பக்கச்சுவர் ரொம்ப விறைப்பு, சாய்வு நல்லாவே குறையும். ஆனா காலியா ஓடும்போது அடி கடுமையா இருக்கும், மண்பாதைக்கு ஏத்த டிரெட் குறைவு. இவரோட எடைக்கு இப்போ இருக்கிற டயர்லயே இடம் இருக்கிறதால நான் சொல்ல மாட்டேன். பின் ஆக்சில் எடை இப்போ இருக்கிற டயரோட எல்லையை ஒட்டிப் போறவங்க யோசிக்கலாம்.

வெண்முகில்:
டயர் பின்னால 70 இருந்தது, 80 ஆக்கிட்டேன். கட்டு இறுக்கம்தான், இடைவெளி மாறலை. ஸ்டேபிள்லோடு முடிவு பண்ணியாச்சு. அடுத்து ஷாக்கா, ஸ்வே பாரா (ரெண்டு பக்கத்தையும் இணைச்சு சாய்வைத் தடுக்கிற முறுக்குக் கம்பி)? ஷாக் கம்பெனி போட்டது, எண்ணெய்க் கசிவு இல்லை.

அச்சுச்சுமை:
தலையாட்டம் உங்களைத் தொந்தரவு செய்தால் ஷாக். சாய்வு என்றால் ஸ்வே பார். கசிவு இல்லாத ஷாக்கும் இந்தச் சுமைக்குப் போதாததாக இருக்கலாம். காரணத்தைக் கணக்காகவே காட்டலாம்.

ஷாக் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் விடும் ஆற்றலை விழுங்குவதே அதன் வேலை. தணிப்பு விகிதம் (அசைவு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைக் காட்டும் எண்), விறைப்பையும் நிறையையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறும். காலியாக, ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு பின் சக்கரத்தின் பங்கு சுமார் 500 கிலோ, விறைப்பு 75. கேம்பரோடு 1,330 கிலோ, விறைப்பு 152. நிறை 2.66 மடங்கு, விறைப்பு 2.03 மடங்கு, பெருக்கினால் 5.4, வர்க்கமூலம் 2.3. அதே ஷாக்கின் தணிப்பு விகிதம் காலியில் இருந்ததில் சுமார் 43 சதவீதமாக இறங்கிவிட்டது. இணைப்பில் ஏறி இறங்கிய அசைவு அடங்கும் முன்பே அடுத்த இணைப்பு வந்துவிடுகிறது. அசைவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. ஸ்பிரிங்கை விறைப்பாக்கிவிட்டு ஷாக்கை அப்படியே விட்டால் தலையாட்டம் இன்னும் மோசமாகும், இதைப் பலரும் கவனிப்பதில்லை.

பாதி நாள் காலியாக ஓடும் உங்களுக்கு, திருகு வைத்து மாற்றக்கூடிய ஷாக் பொருந்தும். ராஞ்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல்லில் 9 நிலைகள் உண்டு. காலிக்கு 2 அல்லது 3-இல் தொடங்குங்கள், கேம்பருக்கு 7-இல் தொடங்கி ஒவ்வொரு நிலையாக ஏற்றுங்கள். ஒரு இணைப்பைத் தாண்டியபின் பின்பக்கம் ஒரே எழுச்சியில் அடங்க வேண்டும். சின்னச் சின்ன மேடுகளில் ‘டக் டக்’ என்று முதுகில் அடித்தால் அளவுக்கு மீறிப் போயிருக்கிறீர்கள். கேம்பரை இறக்குவதே இல்லை என்பவர்களுக்குத் திருகு தேவையில்லை. பில்ஸ்டீன் 5100 போன்ற ஒற்றைக்குழாய் ஷாக் போதும், சூட்டிலும் தணிப்பு அதிகம் தளராது. எதை வாங்கினாலும் நான்கையும் மாற்றுங்கள். முன் பக்கம் பழையதாகவே இருந்தால் தலையாட்டம் பாதிதான் குறையும்.

பட்டைக்காரர்:
ஸ்வே பார் பத்தி. முறுக்கு விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும். 22 மி.மீ. கம்பியை எடுத்துட்டு 32 மி.மீ. போட்டா, ரெண்டும் கெட்டிக் கம்பின்னா, கிட்டத்தட்ட 4.5 மடங்கு. நிறைய பிக்கப்ல பின்னால ஸ்வே பாரே கிடையாது, அங்க வித்தியாசம் இன்னும் அதிகமாத் தெரியும். ஹெல்விக் பிக் விக் மாதிரி கனமான பார்கள்ல இணைப்புக் கம்பியை மாட்ட ரெண்டு மூணு துளை இருக்கும். கையோட நுனிக்குக் கிட்ட இருக்கிற துளை மென்மை, உள்துளை விறைப்பு. நுனியில ஆரம்பிங்க.

மாட்டும்போது வண்டி சக்கரத்துல நிக்கணும், முடிஞ்சா கேம்பரோட. ஆக்சில் தொங்கிக்கிட்டிருக்கும்போது கடைசி இறுக்கு போட்டா புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும். சுமையோட நிக்கிற உயரத்துல பாரோட கைகள் ஏறத்தாழ கிடைமட்டமா இருக்கணும், அதுக்கேத்த நீளத்துல இணைப்புக் கம்பி. பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு அவங்களே குடுக்குற கிரீஸைத் தடவுங்க, இல்லைன்னா கிறீச் சத்தம் வரும். ஸ்பேர் டயர், ஷாக், டிஃபரன்ஷியல் மூடி எதுலயும் பார் இடிக்குதான்னு முழு ஏற்ற இறக்கத்துலயும் பாருங்க.

ஒரு எச்சரிக்கை: ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்குற பாதையில கனமான பார் மறுபக்கத்தையும் சேர்த்து இழுக்கும், கேம்பர் பக்கவாட்டுல வெடுக்குன்னு ஆடும். மண்பாதைக்குப் போறப்ப ஒரு பக்க இணைப்பைக் கழட்டி மேலே கட்டி வைக்கலாம்.

கடலோரன்:
இடையில் ஒரு கேள்வி. என் வண்டியில் பின்னால் லீஃப் இல்லை, காயில் (சுருள் ஸ்பிரிங்). இந்தத் துண்டு வேலையெல்லாம் பொருந்தாதே?

ஏர்லைன்:
பொருந்தாது. ராம் 2500ல 2014 மாடல்ல இருந்து பின்னால காயில்தான், அங்க ஓவர்லோடு பட்டைங்கிற பேச்சே இல்லை. உங்க வழி: காயிலுக்குள்ள வைக்கிற பை அல்லது அந்த மாடலுக்குன்னு வர்ற வெளிப்பை, இல்லைன்னா விறைப்பு கூடின காயில், கூடவே ஸ்வே பார். காயில்கள் லீஃபைவிட உள்ளடங்கி இருந்தா சாய்வு விறைப்பு குறையும், அதனால காயில் வண்டிக்கு ஸ்வே பார்தான் முதல் செலவுன்னு நான் சொல்வேன். அதுக்கும் முன்னாடி எடை மேடை. காயில் போட்ட பல மாடல்களுக்கு சுமை அனுமதியே குறைவு, கெட்டிச்சுவர் கேம்பர் அதுல அடங்காது. மேல் கூரை மடியுற இலகுவான கேம்பர்தான் பொருந்தும்.

வெண்முகில்:
டிம்ப்ரன், சூப்பர்ஸ்பிரிங்ஸ் ரெண்டையும் யாரும் சொல்லலையே? பட்டையே ஒண்ணு கூட்டிட்டா?

பட்டைக்காரர்:
டிம்ப்ரன்ங்கிறது பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேஸியில இடிக்காம தடுக்கிற ரப்பர்) இருக்கிற இடத்துல உட்கார்ற உள்ளீடற்ற ரப்பர் ஸ்பிரிங். காத்து, குழாய், பராமரிப்பு எதுவும் இல்லை. காலியா இருக்கும்போது ஆக்சிலைத் தொடாம கொஞ்சம் இடைவெளியோட நிக்கணும், தொட்டுக்கிட்டு நின்னா காலி வண்டி முரடா ஓடும். சுமை ஏற ஏற விறைப்பு ஏறும். அமுங்கி முடிஞ்ச பிறகு பெரிய பள்ளத்துல கல்லு மாதிரி அடிக்கும். அதுவும் சேஸியை ஒட்டியே உட்காருது, அதனால ஏர் பேக்குக்குச் சொன்ன இடைவெளிக் கணக்கு இதுக்கும் பொருந்தும். உயரத்தைத் திருத்த முடியாது. பராமரிப்பே வேண்டாம், கசியக் கூடாதுங்கிறவங்களுக்கு நல்ல பொருள்.

சூப்பர்ஸ்பிரிங்ஸ், செட்டுக்கு மேல பூட்டுற ஹெல்பர் பட்டை. நுனியில உருளை வச்ச இணைப்பு (ஷேக்கிள்) இருக்கும், சுமை ஏறும்போது தானா இறுகும். சுமை பட்டை வழியாவே போறதால இடைவெளி குறையாது. உங்க வண்டில மேல்புறம் ஓவர்லோடு இல்லாததால இடமும் இருக்கு. ஆனா ஸ்டேபிள்லோடு போட்டு ஓட்டிப் பார்க்காம இதை வாங்காதீங்க, ரெண்டும் சேர்ந்தா காலி வண்டி ரொம்ப இறுகிடும்.

பட்டை கூட்டுறது, இல்லை செட்டையே மாத்துறது, கேம்பரை இறக்கவே மாட்டேன்ங்கிறவங்களுக்கு முதல் தரமான வேலை. பாதி நாள் காலியா ஓடுற உங்களுக்கு வேண்டாம். அப்படிச் செய்றவங்களுக்காகச் சொல்றேன்: பட்டை செட்டை ஆக்சிலோட பிணைக்கிற பழைய யூ போல்ட்டை எந்தக் காரணத்துக்கும் திரும்பப் போடக் கூடாது. ஒரு தடவை இறுக்கினா மரை நீண்டிருக்கும், ரெண்டாம் தடவை இறுக்கம் நிக்காது. பட்டை கூடினா யூ போல்ட்டும், பட்டைகளை நடுவுல கோக்கிற சென்டர் போல்ட்டும் அந்த அளவுக்கு நீளமா வேணும். உட்காருற இடத்துல துரு, பெயின்ட் சுரண்டி எடுங்க. சென்டர் போல்ட் தலை ஆக்சில் பேடுக்குள்ள முழுசா உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு, நாலு நட்டையும் குறுக்கு முறையில கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, சேவை நூல்ல உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்குக் கொண்டு வாங்க. வண்டியோட எடை பட்டை மேல இருக்கணும். 100 கி.மீ. ஓடினதும் திரும்ப டார்க் பாருங்க, கட்டாயம். யூ போல்ட் தளர்ந்தா சுமை முழுக்க சென்டர் போல்ட்டுக்கு வரும், அது அறுந்தா ஆக்சில் இடம் மாறும், ஓட்டத்துலயே.

ஸ்டேபிள்லோடு மாட்டும்போது தொடுற பேட் பட்டையோட நடுவுல உட்காரணும், ஓரத்துல ஏறினா தேய்ஞ்சு நழுவும். காலியா ஓடும்போது துண்டைத் திருப்பி விலக்கி வைக்கிற மாடல் இருக்கு, உங்களுக்கு அதுதான்.

மலைமகள்:
வெண்முகில், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்டேபிள்லோடு போட்டதும் அதே கேம்பர், அதே தண்ணீர் அளவு, அதே 80 பிஎஸ்ஐ-யோடு சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே வளைவு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ. எழுந்திருந்தால் கணக்கு சரி. எழவே இல்லையென்றால் பேட் தொடவில்லை. அதற்கு மேல் எழுந்திருந்தால் துண்டு நாம் வைத்த 4 செ.மீ.யைவிடத் தடிமன், காலி வண்டியில் பேட் அழுத்தி நிற்கிறதா என்று பாருங்கள். அதன்பின் ஷாக், அதன்பின் தேவைப்பட்டால் பார். மூன்றையும் ஒரே நாளில் மாட்டினால் எது அதிகமாகிவிட்டது என்று பிரித்தறிய முடியாது.

ஹெட்லைட்டைக் கடைசியில் திருத்துங்கள். பின்பக்கம் 9 செ.மீ. தாழ்ந்து முன்பக்கம் அப்படியே இருந்தால், 405 செ.மீ. வீல்பேஸில், 10 மீட்டர் தூரத்துச் சுவரில் ஒளி 22 செ.மீ. மேலே ஏறும். 7 செ.மீ. தாழ்வில் அது 17. எதிரே வருபவரின் கண்ணில் அடிக்க அதுவே போதும். கேம்பர் ஏற்றிய நிலையில் ஒளியை இறக்கி வைத்து, திருகு எத்தனை சுற்று திரும்பியது என்று குறித்துக்கொண்டால், காலியாக ஓடும் மாதங்களில் அதே எண்ணிக்கை திருப்பி ஏற்றிவிடலாம்.

வெண்முகில்:
லோடு சென்சிங் கம்பி இல்லை, பார்த்துட்டேன். பின்னால ஸ்வே பாரும் இல்லை. முதல்ல ஸ்டேபிள்லோடு, டேப் அளவு எடுத்துட்டு ஷாக் நாலும். ராஞ்சோ வாங்கும்போது நீளம் எதை வச்சுப் பார்க்கணும்?

அச்சுச்சுமை:
உங்கள் மாடலுக்கும் கம்பெனி உயரத்துக்கும் உரிய எண்ணையே வாங்குங்கள். லிஃப்ட் செய்த வண்டிக்கான நீளமான ஷாக்கை எடுத்தால், கேம்பரோடு தாழ்ந்து நிற்கும்போது அமுங்க இடமில்லாமல் உள்ளே அடிபட்டு சீல் போகும். மாட்டியபின் கேம்பரோடு நிறுத்தி, தண்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டியை இறுக்கமாகச் சுற்றி உடலை ஒட்டித் தள்ளிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது உடலுக்கும் பட்டிக்கும் உள்ள தூரம், ஷாக் எவ்வளவு அமுங்கியது என்பதைச் சொல்லும். பம்ப் ஸ்டாப்புக்கு மிச்சமிருக்கும் இடைவெளியையும் கூடவே அளந்து இங்கே எழுதுங்கள். பார் தேவையா என்பதை அதன்பின் பேசலாம்.